நினைவு அட்டையின் பின்பக்கம்

1

போன மாதம் எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பது வருடமாக ஒரு பால்கட்டித் தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிறவனுக்கு அது வராமல் வேறு யாருக்கு வரும். காலையில் போனால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். நான் இருப்பது அயர்லாந்தின் தெற்கே, கார்க் நகரத்தில். கோத்தகிரியிலிருந்து கிளம்பியபோது மழையும் குளிரும் நமக்குப் புதிதா என்று தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன். மழை பழகிவிட்டது. மற்றதெல்லாம் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயைவிடப் படிவம் அதிகம். ஊரில் இருந்தபோது பதினேழு வருடம் குன்னூர் கடைவீதியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். எந்தத் தாளையும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் விட மாட்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் இரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது பிரச்சினை ஏற்பட்டதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். என் தங்கை ரெஜினா நான்கு வருடங்களுக்கு முன் ஆபரேஷன் மேசையில் மயக்கம் கொடுத்த பிறகு கண் விழிக்கவே இல்லை. ஆனால் தவறு நடந்தது மருந்தில் அல்ல, அவள் தொண்டைக்குள் வைத்த சுவாசக் குழாயில். அதற்குத் தனியாகக் கட்டம் கிடையாது. ‘ஆம்’ என்பதில் குறி வைத்துக் கொடுத்தேன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். படிவத்தைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான்கே வாக்கியத்தில் சொன்னேன். குழாய் மூச்சுக் குழாய்க்குப் போகாமல் உணவுக் குழாய்க்குள் போய்விட்டது. பன்னிரண்டு நிமிடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து இறந்துபோனாள். நாற்பத்தோரு வயது.

அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்” என்றார். இந்த ஊரில் சாவு வீட்டில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் டாக்டர் உடுப்புப் போட்ட ஒருவர் ரெஜினாவுக்காக அந்த வார்த்தையைச் சொன்னது அன்றுதான் முதல்முறை.

உள்ளே கொண்டுபோன பிறகு, தலைமாட்டில் இருந்த திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “நீங்கள் விடுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தக் கோடு எழும்பும். குழாயை வைத்ததும் என் கண்ணைக்கூட நம்ப மாட்டேன், இதைத்தான் பார்ப்பேன். எழும்பவில்லை என்றால் உடனே வெளியே எடுத்துவிடுவேன். போதுமா?”

தலையை ஆட்டினேன். ஒரு கோடு. இவ்வளவுதானா என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தார்கள். உங்களை நன்றாகக் கவனித்துக்கொண்ட யாருக்காவது நன்றி சொல்ல விரும்பினால் இதில் எழுதி அனுப்பலாம். கூட்டிப்போக வந்த என் மகள் ஜெனி, “அப்பா, அந்த டாக்டர் நல்லவங்கன்னு சொன்னீங்கல்ல, எழுதுங்க” என்றாள். பேனா கையில்தான் இருந்தது. எழுத வரவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

ரெஜினா என்னைவிட ஆறு வயது இளையவள். கோத்தகிரியில் எங்கள் பங்குக் கோயில் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பதிலுரைப் பாடல் பாடுவது அவள்தான். மைக் இல்லாவிட்டாலும் கடைசி பெஞ்சு வரை கேட்கும். அவள் கணவர் அருள்தாஸ் தேயிலை ஃபேக்டரியில் தூளை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொள்கிறவர். பேசவே காசு கேட்கிற ஆள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். குழந்தை இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது பேர் இருக்கும்போது வீட்டில் எதற்கு என்பாள். அது சும்மா சொல்வது என்று எல்லோருக்கும் தெரியும்.

கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. மலையிலிருந்து கீழே இறங்கிப் போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். எடுத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். அவளுக்கு இருந்த ஒரே பயத்தை எனக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“ஏனுங்கண்ணா, கொரலு போயிருமான்னு டாக்டருகிட்டக் கேட்டனுங்க. சிரிக்கிறாரு. பாட்டுக் கச்சேரியா பண்ணப் போறீங்கன்னு கேக்கறாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமாங்க, ஈஸ்டருக்கு இருக்குதுங்கன்னு சொன்னேன்.”

அதுதான் அவளோடு நான் கடைசியாகப் பேசியது.

3

ஆபரேஷனுக்குக் காலையில் கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரத்தில், எடுத்துவிடலாம் என்று சொன்ன அதே டாக்டர் வெளியே வந்து அருள்தாஸிடம், இதயம் கொஞ்சம் நின்றுவிட்டது, மறுபடி வந்துவிட்டது, வெண்டிலேட்டரில் வைத்திருக்கிறோம் என்று சொன்னார். கட்டி தொண்டையை அழுத்தியதால் சிக்கல் என்றார். கட்டியை எடுக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்பது நாள் அந்த மிஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டது. பத்தாம் நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

என்னால் போக முடியவில்லை. என் குடியிருப்பு அட்டை இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க ஒரு மாதம் கழித்துத்தான் நேரம் கொடுத்திருந்தார்கள். வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதினேன். ‘இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்பதற்கு ஆவணம் இணைக்கவும்’ என்று பதில் வந்தது. அவளும் நானும் ஒரே அம்மாவுக்குப் பிறந்தோம் என்று நிரூபிக்கும் தாள் கோத்தகிரியில் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. அதைத் தேடி எடுக்க அங்கே இருந்த ஆளோ சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அடக்கத்தைப் போனில் பார்த்தேன். பாடகர் குழுவில் யாரோ போனை ஹார்மோனியத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. பதிலுரைப் பாடலை வேறு ஒரு பெண் பாடினாள்.

என் மனைவி செல்வி நர்ஸ். அவளுக்கு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்ததால்தான் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் டீ கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

“ஏனுங்க, கேஸ் ஷீட்டோட காப்பியக் கேட்டு வாங்கி வெக்கச் சொல்லுங்க மாப்பிள்ளைகிட்ட. தைராய்டு ஆபரேசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இதயம் நின்னுச்சுன்னா, டியூப் எங்க போச்சுன்னு பாக்கோணுமுங்க.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “பொதைச்ச மண்ணு காயல. அதுக்குள்ள எங்க தப்புன்னு தேடோணுமா? ஒம்போது நாள் கஷ்டப்பட்டுப் பாத்திருக்காங்க” என்றேன்.

அவள் டீ டம்ளரை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். இன்றுவரை, நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

4

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிப்பார்கள். முன்பக்கம் படம், பிறப்பு, இறப்பு, ஒரு ஜெபம். பின்பக்கம் நன்றி. பூசை முடிந்ததும் உபதேசியார் அந்த நன்றிப் பகுதியை மைக்கில் வாசிப்பார். பங்குச் சாமியார், மருத்துவர்கள், ஆம்புலன்ஸ் டிரைவர், மலர்வளையம் வைத்தவர்கள், பந்தல் போட்டவர்கள் என்று அந்த வரிசை மாறாது.

குன்னூர் அச்சகத்தில் அந்த அட்டைகளை அடித்தவன் நான்தான். ‘நன்றி மேட்டர்’ என்று ஒரு ஃபைலே வைத்திருந்தேன். பெயரையும் தேதியையும் மாற்றினால் பத்து நிமிடத்தில் அட்டை தயார். அதில் மூன்றாவது வரி இது: ‘இறுதி மூச்சு வரை கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்ட மருத்துவர் அவர்களுக்கும், செவிலியர்களுக்கும், மருத்துவமனை ஊழியர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.’ மேட்டுப்பாளையம் பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்தபடியே உயிர் போன ஒருவருக்கும் அந்த வரி போயிருக்கிறது. மருத்துவர் யாரென்று குடும்பத்தில் யாரும் கேட்கவில்லை. அந்த வரி இல்லாத அட்டை மொட்டையாகத் தெரியும், அவ்வளவுதான்.

ரெஜினாவுக்கு நான் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இங்கிருந்தே அட்டையைத் தயார் செய்தேன். படத்தில் அவள் கழுத்துக் கட்டி தெரியாதபடி வெட்டினேன். பின்பக்கத்துக்குப் பழைய மேட்டரை எடுத்து, அந்த டாக்டரின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுத்துப்பிழை இல்லாமல் போட்டேன். பெயருக்குப் பின்னால் அவருடைய பட்டங்களைக்கூட விசாரித்துச் சேர்த்தேன். செல்வி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு சமையலறைக்குப் போனாள்.

ஐந்நூறு அட்டை அடித்தார்கள். உபதேசியார் வாசித்தார். ஒரு அட்டையை மரியாதைக்காக ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார் அருள்தாஸ். அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான்.

5

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள்தாஸிடமிருந்து போன் வந்தது. அவராகப் போன் போடுகிறவர் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் ஒரு நர்ஸ் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறாள். யாருடைய மகள், எந்த ஊர் என்று எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. அட்டையை ஆஸ்பத்திரியில் எல்லோரும் படிப்பதற்காக நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்திருந்தார்களாம். தினமும் அதைத் தாண்டிப் போக அவளால் முடியவில்லையாம்.

“என்ன மாப்பிள்ளை சொல்லுச்சு அந்தப் புள்ள?”

“கொழாயி சோத்துக் கொழாய்க்குள்ள போயிருச்சுங்களாம் மச்சான். காத்து அடிக்க அடிக்க வயிறுதான் உப்பீருக்குது. மூச்சக் காட்டற மிசினு மூணு நாளா ரிப்பேருங்களாம். வெரல்ல மாட்டற கிளிப்பு ஒண்ணு இருக்குதுங்கல்ல, அதுல ஆக்சிஜன் நம்பரு எறங்கியிருக்குது. கிளிப்பு சரியில்லைன்னு வேற கிளிப்ப மாத்தீருக்காங்க. அதுலயும் எறங்கியிருக்குது. மறுக்கா வேற வெரல்ல மாட்டீருக்காங்க. இந்த நர்ஸ் புள்ளதான், வயித்தப் பாருங்க சார்னு சொல்லியிருக்குது. நீ சும்மா இருன்னுட்டாங்களாம்.”

அவரே தொடர்ந்தார். என் வாழ்நாளில் அவர் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

“டிரையர்ல சூடு எறங்குச்சுன்னா நாங்க மொதல்ல அடுப்பத்தானுங்க போயிப் பாப்போம். தெர்மாமீட்டரக் கொறை சொல்லீட்டு நின்னா தூளு அத்தனையும் போயிருமுங்க. எட்டாங் கிளாஸ் படிச்ச எனக்கே அது தெரியுது மச்சான்.”

பிறகு சொன்னார். “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அந்த டாக்டரு என்ற மூஞ்சியப் பாத்து, தப்பு நடந்துபோச்சுன்னு ஒருக்காச் சொன்னாப் போதுமுங்க.”

அவர் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். பதினேழு வருடம் ஊருக்கெல்லாம் வாக்கியம் எழுதிக் கொடுத்த நான், இதையாவது வாங்கித் தர முடியாதா என்று நினைத்தேன்.

6

ஊட்டியில் ஒரு வக்கீல் அம்மா கிடைத்தார். வீடியோ காலில் என்னையும் உட்கார வைத்துக்கொண்டு, இருக்கிற வழிகளை விளக்கினார்.

போலீஸில் புகார் கொடுக்கலாம். ஆனால் டாக்டர்மேல் குற்ற வழக்கு போட, அலட்சியம் மிகப் பெரியது என்று வேறு டாக்டர் கருத்து எழுதித் தர வேண்டும். உடற்கூறாய்வும் நடக்கவில்லை. ‘செத்த பிறகும் அறுக்க வேண்டுமா’ என்று நாங்களே வேண்டாம் என்றிருந்தோம். இரண்டாவது, மருத்துவக் கவுன்சில். அவருடைய உரிமம் பற்றி அவர்கள் விசாரிப்பார்கள், எப்போது என்று கேட்கக் கூடாது. மூன்றாவது, நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சேவையில் குறைபாடு என்று காட்டினால் போதும்.

“நுகர்வோரா?” என்று கேட்டேன். என் தங்கை தைரியமாக நடந்து உள்ளே போனவள். மிக்சி வாங்கி ரிப்பேர் ஆன கதை மாதிரி இருந்தது எனக்கு.

“சட்டத்துல அப்படித்தான் சார் பேரு. பேரப் பாக்காதீங்க, கதவு தொறந்திருக்கான்னு பாருங்க” என்றார் அவர்.

கேஸ் ஷீட்டுக்கு எழுதிக் கேட்டால் எழுபத்திரண்டு மணி நேரத்தில் தர வேண்டும் என்று விதி. மூன்று கடிதம் போட்ட பிறகு வந்தது. மயக்க மருந்துத் தாளை எனக்கு அனுப்பினார்கள். அச்சகக்காரன் கண்ணுக்கு அது முதல் பார்வையிலேயே உறுத்தியது. காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரு அடித்தல் இல்லை. உயிருக்குப் போராடும் அறையில் யாரும் அப்படி நிதானமாக எழுத மாட்டார்கள். ஆனால் என் கண் சாட்சி ஆகாது. ஒரே ஒரு இடத்தில், ‘குழாய் இடம் மாற்றி வைக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் இருந்தது. முதலில் எந்த இடத்தில் இருந்தது என்று இல்லை.

அந்த இரண்டு சொல்லை விளக்க ஒரு நிபுணர் வேண்டும். மூன்று டாக்டர்களைப் பார்த்தார்கள். மூன்று பேரும் தாளைப் பார்த்துவிட்டு, ஆமாம், தவறுதான் என்றார்கள். எழுதித் தரச் சொன்னதும் மூன்று பேருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

அருள்தாஸும் நானும் சேர்ந்து மனு போட்டோம்.

7

எதிர்த்தரப்பின் பதில் வந்த அன்று வக்கீல் அம்மா என்னை மட்டும் கூப்பிட்டார். அப்போது தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரம்.

“சார், அவங்க ஏழாவது ஆவணம்னு ஒண்ணு போட்டிருக்காங்க. நீங்க எனக்கு இதச் சொல்லவே இல்லையே. இத யாருங்க எழுதுனது?”

போனில் படம் வந்தது. ரெஜினாவின் நினைவு அட்டை, பின்பக்கம். மூன்றாவது வரியில் மஞ்சள் பூசியிருந்தது. எழுத்துப்பிழை இல்லாத டாக்டர் பெயர், பட்டங்களோடு.

“நான்தானுங்க” என்றேன்.

இனிமேல் கேஸ் முடியும்வரை எந்த அட்டையும் அடிக்க வேண்டாம் என்றார் அவர்.

அது வெறும் வழக்கம், எல்லா அட்டையிலும் போடுகிற வரி என்று நான் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது. அதை இங்கே ஒரு நோட்டரி முன் கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்து உண்மை என்று இன்னொரு அலுவலகத்தில் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். நோட்டரிக்கு விளக்க, தமிழ் அட்டையை ஆங்கிலத்தில் எழுதினேன். ஜெனி பிழை திருத்தினாள். பத்து வயதில் இங்கே வந்தவள், தமிழை இப்போது எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அட்டையையும் என் ஆங்கிலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, இதுல எதையுமே நீங்க மனசார எழுதலையா?”

“இல்லம்மா. இது ஒரு பழக்கம்.”

“அப்போ கடைசில ‘என்றும் உன் நினைவில் அண்ணன்’னு இருக்கே, அது?”

அவள் குத்துவதற்காகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

பிரமாணப் பத்திரத்தில் அந்த பஸ்ஸில் இறந்தவரின் அட்டையை உதாரணமாகச் சொல்லியிருந்தேன். பெரிய ஆதாரம் என்று நினைத்தேன். எதிர்த்தரப்பு எழுத்து மூலமாகக் கேள்விகள் அனுப்பியது. உண்மைக்கு மாறானவற்றை அச்சிட்டு விநியோகிப்பது உங்கள் தொழில் வழக்கம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா? உங்கள் மனைவி செவிலியர்தானே? இந்த நன்றியை எழுதும்படி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா? எழுதிய நாளில் மருத்துவர்மேல் உங்களுக்குப் புகார் ஏதும் இருந்ததா?

கடைசி இரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுதினேன். உண்மை அதுதான்.

8

இனி அந்த நர்ஸ் வந்து சொன்னால்தான் கேஸ் நிற்கும் என்று வக்கீல் அம்மா சொல்லிவிட்டார். அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கும் படிக்கிற தம்பிக்கும் அவள் ஒருத்திதான். கூப்பிட்டால் வருவாள் என்று எனக்குத் தோன்றியது. பஸ் ஏறி வந்தவள்தானே. அருள்தாஸிடம் சொன்னேன்.

“வேண்டாமுங்க மச்சான்.”

“மாப்பிள்ளை, அது ஒரு வார்த்த சொன்னா—”

“சொல்லுமுங்க. சொல்லீட்டு எங்கீங்க போகும்? இந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிலயும் வேல குடுக்க மாட்டாங்க. நம்ம ஊட்டுக்கு வந்து டீ குடிக்காம அழுதுட்டுப் போன புள்ளைங்க அது. ரெஜினா இருந்தா அந்தப் புள்ள பேரச் சொல்ல விடுவாளுங்களா?”

விட மாட்டாள். அது எனக்கும் தெரியும்.

போன வருடக் கடைசியில் மனு தள்ளுபடி ஆனது. உத்தரவில் இரண்டு காரணங்கள். நிபுணர் சான்று இல்லை. புகார்தாரர்களே பொதுவில் மருத்துவருக்கு நன்றி தெரிவித்திருக்கிறார்கள். என் வரி முழுதாக மேற்கோள் குறிக்குள் இருந்தது. இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒன்று அரசாங்க முத்திரையோடு அச்சானது அதுதான்.

மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய நாற்பத்தைந்து நாள் இருந்தது. அங்கேயும் அந்த நர்ஸைத்தான் கேட்பார்கள். அருள்தாஸ் போகவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. நாற்பத்தைந்தாம் நாள் நான் வேலையில் இருந்தேன். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பிய புகாருக்கு, வந்து சேர்ந்தது என்று ஒரு தாள் வந்ததோடு சரி.

அந்த டாக்டர் அருள்தாஸின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஒருமுறை ஊட்டியில் ஆணையத்தின் வராந்தாவில் எதிரெதிரே வந்தார்களாம். அவர் போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாராம்.

9

போன ஞாயிறு நான்காம் ஆண்டு நினைவுப் பூசை. கேஸ்தான் முடிந்துவிட்டதே, இனி அட்டை அடிக்கத் தடையில்லை என்று அருள்தாஸ் இரண்டு வாரத்துக்கு முன் கூப்பிட்டார்.

“நீங்கதானுங்க எழுதோணும் மச்சான்.”

“நானா? இதுக்கு மேலயுமா?”

“வேற ஆரு எழுதுவாங்க? டாக்டரு வரிய மட்டும் எடுத்துருங்க. அந்த எடத்துல அந்தப் புள்ளைக்கு ஒரு வரி போடுங்க. பேரு வேண்டாமுங்க. நாம நன்றி சொல்ல வேண்டியது அது ஒருத்திக்குத்தானுங்களே.”

உட்கார்ந்தேன். பழைய ஃபைலைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நன்றியை நானே யோசித்து எழுதினேன். ‘எங்கள் வீடு தேடி வந்து உண்மையைச் சொன்ன அந்த ஒருவருக்கு, நாங்கள் சாகும்வரை நன்றி.’ படித்துப் பார்த்தேன். நான் எழுதியவற்றில் பொய்யில்லாத வரி அதுதான்.

அப்புறம் அந்த மஞ்சள் பூச்சு கண் முன்னால் வந்தது. இந்த அட்டையும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும். யார் அந்த ஒருவர் என்று கேட்பார்கள். தியேட்டரில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர். கண்டுபிடிக்க அரை நாள் ஆகாது. என் ஒரு வரி ரெஜினாவுக்குச் செய்தது போதாதா? அதை அழித்தேன். அந்த நர்ஸை விட்டுவிட்டு மலர்வளையத்துக்கும் பந்தலுக்கும் நன்றி சொல்ல மனம் வரவில்லை. மற்ற வரிகளையும் அழித்தேன். பின்பக்கத்தை வெறுமையாகவே அனுப்பினேன். அருள்தாஸுக்கு விளக்கம் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிட்டார். உபதேசியார் மைக் முன்னால் போய், அட்டையின் முன்பக்கத்தை வாசித்துவிட்டுத் திருப்பினாராம். மறுபடி முன்பக்கம் திருப்பினாராம். ஒட்டிக்கொண்டு இரண்டு அட்டை வந்துவிட்டதோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தாராம். கோயில் மொத்தமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டார்.

“சனங்க என்ன சொன்னாங்க மாப்பிள்ளை?”

“ஒண்ணும் சொல்லலீங்க. அந்தப் புள்ள வந்திருந்துச்சுங்க மச்சான். கடைசி பெஞ்சுல, முக்காடு போட்டுட்டு. வெளிய வரும்போது கார்டு ஒண்ணு குடுத்தேன். வாங்கித் திருப்பிப் பாத்துச்சு. வெறும் எடத்தக் கையில தடவீட்டே நின்னுச்சுங்க.”

“அப்புறம்?”

“நாலு வருசம் கழிச்சு அது என்ற மூஞ்சியப் பாத்து, தப்பு நடந்துபோச்சுங்கண்ணான்னு சொல்லுச்சுங்க. சொல்ல வேண்டியவங்க ஆரோ, சொல்றது ஆரோ.”

போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. அவர் வைக்கும்வரை நானும் வைக்கவில்லை.